ஆய்வுக் குழு வந்தால் திறக்கப்படும் அறை

பெற்றோர்களே, அட்மிஷன் சீசனில் கல்லூரியைச் சுற்றிக் காட்டுவார்கள். ஏசி வகுப்பறை காட்டுவார்கள். கைகுலுக்கும் ரோபோ காட்டுவார்கள். நீச்சல் குளம் காட்டி, தண்ணீர் அடுத்த மாதம் வரும் என்பார்கள். கடைசியாக மாடிப்படிக்குக் கீழே, ஜெராக்ஸ் கடைக்கும் ஜெனரேட்டர் ரூமுக்கும் நடுவில், ஒரு கதவு. மேலே பலகை: 'மாணவர் மனநல ஆலோசனை மையம்'. கதவு பூட்டியிருக்கும். "மேடம் இப்பத்தான் சாப்பிடப் போனாங்க" என்பார் கூட வந்தவர்.

மேடம் சாப்பிடப் போய் இரண்டு வருடம் ஆகியிருக்கும்.

உள்ளே ஒரு மேஜை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஓரமாகப் பழைய விடைத்தாள் கட்டுகள். சுவரில் சூரிய உதயப் படம். படத்துக்குக் கீழே அப்துல் கலாம் சொன்னதாக, அவர் எங்கும் சொல்லாத ஒரு வாசகம். சாவி அலுவலகக் கண்காணிப்பாளரிடம். கல்லூரிகளுக்குக் கிரேடு போடும் நாக் குழு வருகிறது என்றால் ஒட்டடை அடிப்பார்கள். பூத்தொட்டி வரும். டிஷ்யூ பெட்டி வரும், அழ வசதியாக. யாராவது இரண்டு மாணவர்களை உட்கார வைத்துப் பேசுகிற மாதிரி புகைப்படம் எடுப்பார்கள். ஜியோடேக் கட்டாயம். அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் சரியாக விழுந்திருக்கும். உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மனசு எந்த ரேகையில் இருக்கிறது என்பது மட்டும் விழாது. குழு போனதும் பூத்தொட்டி முதல்வர் அறைக்குத் திரும்பும்.

எல்லாக் கல்லூரியும் இப்படியா? இல்லை. ஒழுங்காக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை இது சுடாது. சுட்டால், அவர்கள் அந்த ரகம் இல்லை.

ஒரு மாணவர் இறந்துபோனதும் நிர்வாகம் வெளியிடும் அறிக்கையைப் படித்திருப்பீர்கள். ஊருக்கு ஊர் கல்லூரி மாறும். அறிக்கை மாறாது. முதல் வரி: "மாணவர் கடந்த சில நாட்களாகவே மன உளைச்சலில் இருந்தார்." சில நாட்களாகவே தெரியுமா? தெரிந்து என்ன செய்தீர்கள்? தெரியாது என்றால், இப்போது மட்டும் எப்படித் தெரிந்தது? உயிரோடு இருந்தவரை யார் கண்ணிலும் படாத உளைச்சல், பிரேதப் பரிசோதனை முடியும் முன்பே நிர்வாகத்தின் கண்ணில் பட்டுவிடுகிறது. இரண்டாவது வரி: "தனிப்பட்ட காரணங்கள்." விசாரணை முடியவில்லை. ஆனால் காரணம் தனிப்பட்டது என்பது முடிவாகிவிட்டது. மூன்றாவது வரி: "எங்கள் வளாகத்தில் முழுநேர ஆலோசனை மையம் இயங்குகிறது." அப்படி ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் மாணவர்களுக்கே தெரியும்.

பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு. மே மாதத்து முழுப்பக்க விளம்பரத்தில் கல்லூரியின் பெயர் வரும், நிறுவனர் படம் வரும், நிறுவனரின் மகன் படம் வரும், பேரன் படமும் வரும். மாணவர் இறந்த செய்தியில் மட்டும் அது 'பிரபல தனியார் கல்லூரி' ஆகிவிடும். பெயரே இல்லாத ஒன்று எப்படிப் பிரபலம் ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது: பள்ளி, கல்லூரி எல்லாம் சேர்த்து, தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். ஒரு நாளைக்கு 35 பேருக்கு மேல். மாநில வரிசையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்து தமிழ்நாடு. உயர்கல்விச் சேர்க்கையில் நாட்டின் முன்வரிசையில் இருக்கிறோம் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். இந்த வரிசையைப் பற்றி மட்டும் எந்த மேடையிலும் பேச்சு இல்லை.

இனி ஒரு சின்னக் கணக்கு. பொறியியல் படித்தவர்கள் நடத்தும் இடம் என்பதால் கணக்கிலேயே பேசலாம். 3,000 மாணவர்கள். ஒரு ஆலோசகர். ஒரு மாணவருக்கு வருஷத்தில் ஒரே ஒரு முறை, முக்கால் மணி நேரம். மொத்தம் 2,250 மணி நேரம். ஆலோசகர் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஆள் பார்க்கிறார் என்று வையுங்கள். 375 நாள் வேண்டும். வருஷத்திற்கே 365 நாள்தான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்தால்கூட 80 பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள். அந்த 80 பேரில் ஒருவர் உங்கள் பிள்ளையாக இருக்கலாம். இதைத்தான் பிரவுச்சரில் 'ஒவ்வொரு மாணவர் மீதும் தனிக் கவனம்' என்று அச்சடிக்கிறார்கள்.

சரி, அந்த ஒரு ஆலோசகராவது யார்? பல இடங்களில் ஆங்கிலத் துறை உதவிப் பேராசிரியர். அல்லது உடற்கல்வி இயக்குநர். அல்லது நூலகர். கூடுதல் பொறுப்பு. தகுதி? இரண்டு நாள் ஒர்க்‌ஷாப், ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ. கல்லூரி வண்டியை ஓட்ட கனரக வாகன லைசென்ஸ் கேட்கிறார்கள். பிள்ளையின் மனசைக் கையில் கொடுக்க எதையும் கேட்பதில்லை.

ஆலோசகரை விடுங்கள், ஆசிரியர் இருக்கிறாரா? 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் 224 பொறியியல் கல்லூரிகளில் 353 பேர், ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்றது. தெர்மோடைனமிக்ஸ் சொல்லித்தர ஆள் வைக்காமல் ஆவணத்தில் ஆள் வைத்தவர்கள், பிள்ளையின் அழுகையைக் கேட்க நிஜ ஆள் வைப்பார்கள் என்று நம்புவதற்குப் பெரிய மனசு வேண்டும். நம்மிடம் அந்த மனசு இருக்கிறது. அதனால்தான் மூன்று தவணையில் ஃபீஸ் கட்டுகிறோம்.

அடுத்தது மென்டர். இருபது பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், அவர்களின் படிப்பையும் கவலையையும் கவனிக்க. நல்ல யோசனை. எத்தனை மாணவருக்கு ஒரு மென்டர் என்று கேட்டு நாக் மதிப்பெண்ணும் தருகிறது. ஆகவே மென்டர் புத்தகம் உண்டு. அதில் 'மாணவரின் பிரச்சினை', 'கொடுத்த ஆலோசனை' என்று இரண்டு கட்டங்கள். ஆய்வுக்கு ஒரு வாரம் முன்பு இருபது புத்தகங்களும் ஒரே இரவில், ஒரே பேனாவில், நான்கு வருஷத்துக்குமாக எழுதி முடிக்கப்படும். பிரச்சினை: கவனக்குறைவு. ஆலோசனை: கவனமாக இருக்கச் சொல்லப்பட்டது.

மென்டரையும் குறை சொல்ல முடியவில்லை. ஏப்ரல், மே வெயிலில் அட்மிஷன் பிடித்து வரச் சொல்லி அவரை ஊர் ஊராக அனுப்புகிறார்கள். பிடிக்காவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். பாதி இடங்களில் அந்தச் சம்பளமே இரண்டு மாதம் பாக்கி. ஆலோசனை வேண்டியவர் அவர்தான். அவருக்கு மென்டர் யார்?

இந்தப் புத்தகங்களையும் புகைப்படங்களையும் பார்த்துத்தான் கிரேடு. அந்தக் கிரேடுகூட எப்படி வருகிறது? 2025 பிப்ரவரியில், ஆந்திரத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த கிரேடு தர லஞ்சம் வாங்கிய புகாரில் நாக் ஆய்வுக் குழுத் தலைவரையும் உறுப்பினர்களையும் சிபிஐ கைது செய்தது. நுழைவாயில் வளைவில் நாலடி உயரத்துக்கு எழுதி வைத்திருக்கும் ஏ பிளஸ் பிளஸைப் பார்த்து மயங்கும் முன் இதையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவேளை கதவு திறந்தே இருக்கிறது. மேடமும் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார். முதலாமாண்டு மாணவி ஒருத்தி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு உள்ளே போகிறாள் என்று வையுங்கள். திங்கட்கிழமை காலை சொல்கிறாள். மதியம் ஹெச்ஓடிக்குத் தெரியும். மூன்று மணிக்கு ஸ்டாஃப் ரூமில் பஜ்ஜியோடு அலசப்படுகிறது. மாலையில் வார்டன் ஒரு மாதிரி பார்க்கிறார். இரவு உங்களுக்கு போன்: "உங்க பொண்ணு கொஞ்சம் டிப்ரஷன் மாதிரி தெரியுது சார். வந்து கூட்டிட்டுப் போயிடுங்க. அப்படியே செமஸ்டர் ஃபீஸும் பெண்டிங் இருக்கு."

அந்த விடுதியில் இனி எந்தப் பிள்ளையும் அந்தக் கதவைத் தட்டாது. பிறகு அறிக்கையில் எழுதுவார்கள்: 'மாணவர்கள் ஆலோசனை மையத்தைப் பயன்படுத்த முன்வருவதில்லை.'

சட்டம் என்ன சொல்கிறது? மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. சிகிச்சையின்போது தெரிந்துகொண்டதை ரகசியமாகக் காப்பது சிகிச்சை அளிப்பவரின் கடமை என்கிறது அதன் 23ஆம் பிரிவு. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள்தான் விதிவிலக்கு. பதினெட்டு வயது முடிந்த பிள்ளை ஆலோசகரிடம் சொன்னதை உங்களிடமே ஒப்பிக்கக் கூடாது என்றால், தாளாளரின் மைத்துனரிடம் ஒப்பிக்க யார் அனுமதித்தது? உங்கள் பிள்ளை சொன்னதை உங்களிடம் சொல்ல மறுக்கும் ஆலோசகர் கிடைத்தால் சண்டை போடாதீர்கள். நல்ல ஆலோசகர் கிடைத்திருக்கிறார் என்று பொருள்.

அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு இன்னும் தெளிவு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும். அவரைத் தண்டிக்கக் கூடாது. அரசு அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் தர வேண்டும். நூற்றைம்பது வருஷம் குற்றம் என்று சொல்லிவந்த அரசே மனம் மாறிவிட்டது. விடுதி மாறவில்லை. சட்டம் 'சிகிச்சை கொடு' என்கிறது. விடுதி 'ரூமைக் காலி பண்ணு' என்கிறது. பேர் கெட்டுவிடுமாம். பிள்ளையின் பேரா, கல்லூரியின் பேரா என்று கேட்க வேண்டியதில்லை.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் கல்லூரி மனநலத்தில் குளிக்கும். அக்டோபர் 10, உலக மனநல நாள். ரங்கோலிப் போட்டி உண்டு. வாசகம் எழுதும் போட்டி உண்டு. செல்ஃபி பாயின்ட் உண்டு. கலந்துகொள்ளாதவர்களுக்கு ஆப்சென்ட் உண்டு. சிறப்பு விருந்தினர், பொன்னாடை, நினைவுப் பரிசு. விருந்தினர் ஒன்றரை மணி நேரம் பேசுவார்: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை. செல்போன்தான் காரணம். எங்கள் காலத்தில் வாத்தியார் முட்டி போட வைத்தார், நாங்கள் நன்றாக வரவில்லையா? அவர் பேசுவதை ஒன்றரை மணி நேரம் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்துத்தான் தாங்கும் சக்தி இல்லை என்கிறார். நடுவர்கள் ரங்கோலிக்கு முதல் பரிசு கொடுத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் அதே வாசலில் தாடி வைத்த பையனுக்கு ஐநூறு ரூபாய் அபராதம்.

பிறகு மின்விசிறி. 2021இல், அடுத்தடுத்த மரணங்களுக்குப் பிறகு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் விடுதிக் கூரை விசிறிகளைக் கழற்றி, சுவர் விசிறிகளை மாட்டத் தொடங்கியது. 2023இல் ராஜஸ்தானின் கோட்டாவில் பாதுகாப்பு விசிறிகளை மாவட்ட நிர்வாகம் கட்டாயமாக்கியது. 2025இல் உச்ச நீதிமன்றமே, தங்கிப் படிக்கும் நிறுவனங்கள் எல்லாம் இதைச் செய்யச் சொன்னது. இதைக் கேலி செய்யக் கூடாது. ஆபத்து கைக்கு எட்டாமல் இருந்தால் அந்தக் கணம் கடந்துபோகும், உயிர் மிஞ்சும் என்பது மருத்துவர்கள் பலகாலமாகச் சொல்வது. கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்த இலங்கையில் தற்கொலைகள் பெருமளவு குறைந்தன.

கேலிக்குரியது அதற்கு அடுத்த காரியம். விசிறியை மாற்றிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, வேலை முடிந்தது என்று போவது. கல்லூரியில் மாற்றுவதற்கு மிகச் சுலபமான பொருள் மின்விசிறி. அது எதிர்த்துப் பேசாது. டெண்டர் விட்டால் கமிஷன் கிடைக்கும். பிள்ளைகளைக் கரித்துக்கொட்டும் ஹெச்ஓடியை மாற்றுவது கஷ்டம். அவர் தாளாளருக்குச் சொந்தம்.

கதவு திறந்த அறைகளில் பிள்ளைகள் என்ன சொல்லி அழுகிறார்கள்? இன்டர்னல் மார்க் ஒரு ஆசிரியரின் கையில் இருக்கிறது, அவருக்கு என்னைப் பிடிக்காது. நாலு அரியர் இருக்கிறது, வீட்டுக்குத் தெரியாது. ஃபீஸ் பாக்கி, ஹால் டிக்கெட் தரவில்லை, வகுப்பில் எழுந்து நிற்க வைத்துப் பெயர் வாசித்தார்கள். இந்தப் படிப்பு எனக்கு வேண்டாம், போய்விடுகிறேன் என்றால் ஒரிஜினல் சர்டிபிகேட் ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. ஒரிஜினலைக் கல்லூரி வைத்துக்கொள்ளவே கூடாது என்று யூஜிசி 2018இல் அறிவித்துவிட்டது. பீரோவுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

இத்தனைக்கும் அந்த அறையில் இருக்கும் மருந்து: மூச்சை இழுத்து விடு. பாசிட்டிவாக யோசி. டைரி எழுது. ஹால் டிக்கெட் தராதவர் மேல்மாடியில் இருக்கிறார், மூச்சுப் பயிற்சி கீழ்மாடியில் நடக்கிறது. அடிக்கும் கையும் தடவிக்கொடுக்கும் கையும் ஒரே நிர்வாகத்தில் சம்பளம் வாங்குகின்றன. தடவிக்கொடுக்கும் கைக்குச் சம்பளம் குறைவு, வேலையும் காண்டிராக்ட். மேல்மாடியைப் பார்த்து 'நீங்கள்தான் சார் காரணம்' என்று அந்தக் கை ஒருநாள் சுட்டிக்காட்டினால், அடுத்த நாள் காண்டிராக்ட் முடியும். உண்மையாக உழைக்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

பெரிய இடங்களில் கதை வேறு மாதிரி தொடங்கி அதே இடத்தில் முடியும். ஐஐடியில் முதல் கேள்வி: ஜேஇஇ ராங்க் என்ன? ராங்க் தெரிந்தால் எந்தப் பட்டியலில் வந்தவர் என்று தெரிந்துவிடும். சாதியைக் கேட்கும் கௌரவமான வழி அது. 2023இல் ஐஐடி பம்பாய், சக மாணவரின் ராங்க்கைக் கேட்காதீர்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. நாட்டின் மிகச் சிறந்த மூளைகள் என்று கொண்டாடப்படுகிறவர்களுக்கு, அறிமுகமானதும் சாதி விசாரிக்காதே என்று சுற்றறிக்கை விட வேண்டியிருக்கிறது. 2014க்கும் 2021க்கும் இடையில் ஒன்றிய அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் 122 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகக் கல்வி அமைச்சர் மக்களவையில் பதில் அளித்தார். அதில் 68 பேர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். இதற்கும் கோப்பில் ஒரு பெயர் உண்டு: 'அட்ஜஸ்ட்மென்ட் பிராப்ளம்'. அட்ஜஸ்ட் செய்துகொள்ள வேண்டியது வந்த பிள்ளையா, வரவேற்கத் தெரியாத வளாகமா?

விதியை மாற்றினால் உயிர் பிழைக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். நம் வீட்டிலேயே இருக்கிறது. பிளஸ் டூவில் தோற்றால் ஒரு வருஷம் போச்சு என்று இருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ரிசல்ட் வந்த மறுநாள் பேப்பரைத் திறக்கவே பயமாக இருக்கும். 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு ஒரு காரியம் செய்தது. தோற்றவர்கள் உடனடியாகத் துணைத் தேர்வு எழுதலாம், தேறினால் அந்த வருஷமே கல்லூரியில் சேரலாம். அதன்பிறகு தேர்வுத் தோல்வியால் நேர்ந்த தற்கொலைகள் குறைந்ததைத் தற்கொலைத் தடுப்பு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். போஸ்டர் இல்லை. ரங்கோலி இல்லை. பொன்னாடை இல்லை. ஒரு அரசாணை. பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி திடீரென்று கூடிவிடவில்லை. தாங்க வேண்டிய பாரம் குறைந்தது, அவ்வளவுதான்.

கல்லூரிகள் இப்படி விதியை மாற்றாமல் விட்டதால் அதை நீதிமன்றம் செய்ய வேண்டியிருக்கிறது. 2025 மார்ச்சில், ஓய்வுபெற்ற நீதிபதி எஸ்.ரவீந்திர பட் தலைமையில் மாணவர் மனநலத்துக்கும் தற்கொலைத் தடுப்புக்கும் ஒரு தேசியப் பணிக்குழுவை உச்ச நீதிமன்றம் அமைத்தது. ஜூலையில் இன்னொரு வழக்கில் 15 வழிகாட்டுதல்களை விதித்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் இருக்கும் நிறுவனத்தில் குறைந்தது ஒரு தகுதிபெற்ற ஆலோசகராவது, உளவியலாளராவது, சமூகப் பணியாளராவது இருக்க வேண்டும். ஊழியர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு முறை பயிற்சி. உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் எழுதி வைக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்காதே, எல்லோர் முன்னும் அவமானப்படுத்தாதே. கடைசி இரண்டைப் படித்துப் பாருங்கள். இது எல்கேஜி மிஸ்ஸுக்குச் சொல்ல வேண்டிய பாடம். நாட்டின் உச்ச நீதிமன்றம் கல்வித் தந்தைகளுக்கும் வள்ளல்களுக்கும் சொல்லித் தருகிறது.

தமிழ்நாடு அரசும் 2022 டிசம்பரில் 'மனம்' என்று மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. முதலில் அரசு மருத்துவக் கல்லூரிகளில். பிறகு மற்றக் கல்லூரிகளுக்கும் என்றார்கள். உங்கள் கல்லூரியில் வந்துவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள். "மன்றம் இருக்கு சார், தமிழ் மன்றம்" என்பார்கள்.

பெற்றோர்களே, உங்களையும் விட முடியாது. "லோன் போட்டுப் படிக்க வைக்கிறேன்" என்பதை வாரம் ஒருமுறை நினைவூட்டுவது நீங்கள்தான். எதிர்வீட்டுப் பையனுக்கு கேம்பஸில் வேலை கிடைத்ததைச் சாப்பாட்டுத் தட்டோடு பரிமாறுவதும் நீங்கள்தான். பிள்ளையின் ஜாதகத்தை மூன்று பேரிடம் காட்டுவீர்கள். பிள்ளையை ஒரு மருத்துவரிடம் காட்ட யோசிப்பீர்கள். நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அந்த நாலு பேர் வீட்டிலும் இதே கதைதான். கண்டிப்பான கல்லூரி என்று கேட்டுத் தேடிப் போய்ச் சேர்த்தவர்கள் நாம். கண்டிப்பு என்று நாம் விலை கொடுத்து வாங்கியதைத்தான் அவர்கள் பிள்ளைகளுக்கு விநியோகிக்கிறார்கள்.

ஃபீஸ் கட்டும் முன் ஐந்து கேள்வி கேளுங்கள். ஒன்று: ஆலோசகரின் பெயர் என்ன, என்ன படித்திருக்கிறார்? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். வாங்கிப் பாருங்கள். இரண்டு: முழுநேரமா, வகுப்பும் எடுக்கிறாரா? எடுக்கிறார் என்றால் மார்க் போடும் கையிடம் மனசைத் திறக்கச் சொல்கிறார்கள். எந்தப் பிள்ளையும் திறக்காது. மூன்று: பிள்ளை சொல்வது யார் யாருக்குப் போகும்? குறிப்பேடு யார் பூட்டில் இருக்கும்? நான்கு: இரவு பதினொரு மணிக்கு விடுதியில் ஒரு பிள்ளைக்கு முடியவில்லை என்றால் யார் வருவார், எந்த வண்டி, எந்த மருத்துவமனை? ஐந்து: சிகிச்சைக்காக ஒரு செமஸ்டர் விட்டுவிட்டுத் திரும்பும் பிள்ளைக்கு அட்டெண்டன்ஸும் ஃபீஸும் எப்படிக் கணக்கிடப்படும்?

பதிலுக்குப் பதில் பிரவுச்சர் நீட்டினால், பதில் கிடைத்துவிட்டது.

கல்லூரியை மட்டும் நம்பி இருக்கவும் வேண்டாம். 14416, டெலி மானஸ், ஒன்றிய அரசின் இலவச மனநல உதவி எண். இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் எண் 104. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா, 044-24640050. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு வாங்க மாட்டார்கள். இந்த எண்களை இன்றைக்கே பிள்ளையின் போனில் பதிந்து வையுங்கள். உங்கள் போனிலும் பதிந்து வையுங்கள். பிள்ளை உயிர் வாழ்வதைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். உபதேசம் செய்யாதீர்கள். அன்றைக்கே பஸ் ஏறுங்கள்.

கடைசியாக ஒன்று. 2009 முதல் யூஜிசி விதிப்படி, என் பிள்ளை ராகிங் செய்ய மாட்டான் என்று ஒவ்வொரு வருஷமும் உங்களிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்குகிறார்கள். நல்லது, வாங்கட்டும். ஆனால் கல்லூரி உங்களுக்கு எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறதா? இந்த வருஷம் நீங்கள் போடும் அதே நாளில், அதே மேஜையில், ஐந்து கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். முதல்வர் கையெழுத்து, கல்லூரி முத்திரையோடு. ஒரு பெற்றோர் கேட்டால் தொல்லை பிடித்தவர் என்பார்கள். ஐம்பது பேர் சேர்ந்து கேட்டால் ஆள் போடுவார்கள். ஐம்பது அட்மிஷன் என்றால் எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும்.